ஒண்ணு கீழ காட்டுங்க

“எதுக்கும் ஆசைப்படாத மனுஷன்” என்று பதினோரு பேர் சொன்னார்கள். பாலக்கரையில் அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலுக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பியிருந்த நேரம். பன்னிரண்டாவதாகச் சொன்னது அவருடைய மூத்த மகன். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் அந்த மகன் வாட்ஸப்பில் அப்பாவின் படத்தைப் போட்டு, அடியில் ‘எளிமையின் இலக்கணம்’ என்று எழுதியிருந்தான். நாற்பத்தேழு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

நான் கைகூப்பவில்லை. உயிரோடிருந்தபோதே அவர்மேல் எனக்கு இருந்த கோபம் தீரவில்லை. செத்துப்போனார் என்பதற்காக அது எப்படித் தீரும்?

அந்த மனுஷருக்கு ஆசை இருந்தது. ஒன்பது அடி நீளம். நாலு துண்டாகக் கழற்றி உறையில் போட்டுக்கொள்ளலாம். எட்டாம் நம்பர். கடலில் மீன் பிடிக்கிற குச்சி அது, கூடவே ஒரு ரீலும். இதைப் பற்றி அந்தப் பந்தலில் இருந்தவர்களில் ஒருவருக்காவது தெரியுமா என்று கேட்டால், தெரியாது. காதில் விழுந்திருந்த மூத்த மகனும் அதை அன்றே மறந்திருப்பான். ஜன்மத்தில் மீனை வாயில் வைக்காத எனக்குத் தெரியும்.

அவரை முதலில் பார்த்தது தில்லைநகரில் ஒரு கண் டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வரும். அன்றைக்கு என் டோக்கன் பதினேழு. பக்கத்தில் வெள்ளைத் தாடியும் கட்டம் போட்ட சட்டையுமாக இவர். நான் வந்தபோதே இருந்தார்.

“உங்க டோக்கன் என்ன நம்பர்?” என்று கேட்டேன்.

“வாங்கினது நாலு சார்.”

“இப்ப பதினாறு கூப்பிட்டாச்சே!”

“ஒரு அம்மா கைக்குழந்தையோட வந்தாங்க, மாத்திக்கிட்டேன். அப்புறம் ஒரு தம்பிக்கு ஆபீஸ்ல பர்மிஷன் இல்லையாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் பழகிப்போச்சு சார்” என்று சிரித்தார். “உங்க நம்பர் என்ன? நான் வேணா உங்களுக்கு அப்புறம் போறேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரயில்வே கணக்குப் பிரிவில் ஆயுசு முழுக்க வரிசையை வரிசையாக வைத்திருந்தவன் நான். நாலு என்றால் மூன்றுக்கு அப்புறம், ஐந்துக்கு முன்னால். அன்று அவரை எனக்கு முன்னால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. நான் அவரை ‘பாய்’ என்பேன். அவர் என்னை ‘சார்’ என்பார்.

பழகப் பழகத்தான் தெரிந்தது, டோக்கன் ஒரு சின்ன அடையாளம் மட்டும்தான். எந்தக் கடைக்குப் போனாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம், “இதுக்கு ஒண்ணு கீழ காட்டுங்க.” செருப்புக் கடையில் காலுக்குச் சரியாக இருக்கிற செருப்பைப் போட்டு நடந்து பார்ப்பார். முகம் மலரும். “நல்லாருக்கு. இதுக்கு ஒண்ணு கீழ காட்டுங்க.” கீழே உள்ளது கடிக்கும். கடிக்கிறதை வாங்கிக்கொண்டு வருவார். ஹோட்டலில் நெய் ரோஸ்ட் வாசனையை ஒரு நிமிஷம் இழுத்துவிட்டு சாதா தோசை சொல்வார். சாதா தோசை இருக்கிற இடத்தில் இட்லி. இட்லி மட்டும் கிடைக்கிற இடத்தில் பசி இல்லை என்பார்.

பணம் இல்லாதவரா? இருபத்தாறு வருஷம் ஓமானில் ஒரு கம்பெனியில் வேலை. பாலக்கரை வீடு மூன்று மாடி. ஒரு மகளுக்கும் இரண்டு மகன்களுக்கும் கல்யாணம், கடை, கார். மற்றவர்களுக்கு வாங்கும்போது அவர் பேசுகிற வாக்கியம் வேறு. மூத்த மகனுக்கு போன் வாங்கப் போனபோது நான் கூட இருந்தேன். “இதுக்கு மேல ஒண்ணு காட்டுங்க” என்றார். அதை எடுத்து வந்தால், “இதுக்கும் மேல இல்லையா?” எனக்குக் கண்ணாடி மாற்றக் கூட வந்தவர், நான் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே, “சாருக்கு அந்த மேல் தட்டுல இருக்கறத எடுங்க” என்று கைகாட்டினார். அந்த ஃபிரேமைத்தான் இன்றைக்கும் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் எரிச்சல் வருகிறது.

இதைத்தான் ஊரில் குணம் என்கிறார்கள். அவர் ஒரு படி இறங்க இறங்க, அந்தப் படியில் வேறு யாரோ ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். உட்கார்ந்துகொண்டு அவரைப் புகழ்கிறார்கள்.

சரி, குச்சிக்கு வருகிறேன்.

ஓமானில் அவர் கம்பெனி மேனேஜர் ஒரு வெள்ளைக்காரர். லீவு நாளில் இவரைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவாராம். அங்கே கடல் வெகு தூரத்துக்கு முழங்கால் ஆழம்தான். அதில் நடந்து, தண்ணீருக்குள் மேயும் மீனைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தூண்டில் வீசுவார்கள். புழு, ஈயக் குண்டு எதுவும் கிடையாது. கொக்கியில் இறகும் முடியும் கட்டி இறால் மாதிரி செய்திருக்கும். அது பஞ்சு போல லேசு. கனம் முழுக்கக் கயிற்றில். கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் சுழற்றி விரித்து, மீனின் மூக்குக்கு முன்னால் மெதுவாக இறக்க வேண்டும். மேனேஜருக்குக் கிட்டப் பார்வை. இவர்தான் பின்னால் நின்று, “சார், வலது பக்கம், நாப்பது அடி” என்று காட்டுவார். அவர் வீசுவார்.

“எத்தனை வருஷம் காட்டினீங்க பாய்?”

“பதினெட்டு வருஷம் இருக்கும் சார்.”

“ஒரு தடவையாவது நீங்க வீசினது உண்டா?”

“அவரு ‘போடு, போடு’ன்னுதான் சொல்வாரு. எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கும். சாயங்காலம் நல்ல தண்ணில கழுவித் துடைக்கறப்ப, வெறும் குச்சிய ரெண்டு ஆட்டு ஆட்டிப் பார்ப்பேன்.”

பார்த்தீர்களா? அங்கே கொடுக்க மாட்டேன் என்று சொன்னவர் யாரும் இல்லை. இவராகத்தான் ஒண்ணு கீழே இறங்கி நின்றிருக்கிறார்.

ஒரு நாள் டாக்டர் அவரிடம், இருக்கிற பார்வையைத்தான் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். டீ ஆறிப்போகும்வரை குடிக்காமலே வைத்திருந்தார். பிறகு, “சார், ஒரே ஒரு தடவை நானே போட்டுப் பார்க்கணும்” என்றார். “தண்ணிக்குள்ள மீன் தெரியறப்பவே. அப்புறம் தெரியாது.”

அவர் எனக்குத் தெரிந்து தனக்காக ஒன்றைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தூண்டில் சாமான் கடை. முக்கொம்புக்கும் கல்லணைக்கும் மீன் பிடிக்கப் போகிறவர்கள் வாங்குகிற இடம். போகிற வழியெல்லாம் எனக்கு விளக்கிக்கொண்டு வந்தார். குச்சியின் பலத்தை நம்பரில் சொல்வார்கள், கடற்காற்றை எதிர்த்து வீச எட்டாம் நம்பராவது வேண்டும், அதற்குக் கீழே போனால் கயிறு நம் முகத்துக்கே திரும்பும். குச்சி சுமாராக இருந்தால்கூடப் பரவாயில்லை, ரீலில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஆற்றில் ரீல் வெறும் கயிறு சுற்றுகிற கட்டை. கடல் மீன் நூறு கஜம் ஓடும், ரீலின் பிரேக்தான் மீனை நிறுத்த வேண்டும். அந்தப் பிரேக்குக்குள் உப்புத் தண்ணீர் போகாதபடி மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு தடவையில் துருப்பிடித்து இறுகிவிடும். கயிறும் நல்லதாக வேண்டும். இத்தனையும் தெளிவாகச் சொன்னார்.

கடைக்காரருக்கு இந்த மாதிரிக் குச்சி கேட்டு யாரும் வந்ததில்லை. சென்னையிலிருந்து வரவழைக்கலாம் என்று போனில் மூன்று செட் காட்டினார். முப்பதாயிரம், பதினெட்டாயிரம், ஒன்பதாயிரம். நடுவில் இருந்தது இவர் வழியெல்லாம் சொன்னதுக்கு அப்படியே பொருந்தியது. எட்டாம் நம்பர், மூடிய பிரேக், நல்ல கயிறு. போனைக் கையில் வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இது போதும் சார். தாராளம்” என்றார். நான் மூச்சு விட்டேன். உடனே, “இதுக்கு ஒண்ணு கீழ காட்டுங்க.”

கடைக்காரர் ஒன்பதாயிரத்தைக் காட்டினார். “ரீல் சாதா பாய். ஏரி, குளத்துக்கு ஆகும்.”

“இதுக்கு ஒண்ணு கீழ?”

கடைக்காரர் மூங்கில் குச்சியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இதுக்கு?”

“இதுக்குக் கீழ தரைதான் பாய்” என்றார் கடைக்காரர். “வேணா குனிஞ்சு கையால புடிங்க.”

அவரும் சிரித்தார், கடைக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெறுங்கையோடு வெளியே வந்தோம்.

“பாய், ரீல்ல கஞ்சத்தனம் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?”

“அது பொதுவா சொன்னேன் சார். எனக்கு எதுக்கு அவ்வளவு?”

வீட்டில் மகன்களிடமாவது சொல்லட்டும் என்று நானே அவரோடு போனேன். மூத்தவன் சோபாவில் சாய்ந்திருந்தான். எதிரே சுவரில் ஜன்னலைவிடப் பெரிய டிவி. அது மேலே, அதற்கும் மேலே என்று கேட்டு இவர் வாங்கிக் கொடுத்தது. விஷயத்தை நான்தான் சொன்னேன்.

“என்ன அத்தா, குச்சிக்குப் பதினெட்டாயிரமா?” என்று அப்பாவைக் கேட்டான் அவன். “மீன் வேணும்னா சொல்லுங்க, மார்க்கெட்லேர்ந்து வஞ்சிரமே எடுத்துட்டு வரேன். இந்த வயசுல தண்ணில எறங்கி நின்னா பாக்கறவங்க சிரிப்பாங்க.”

“அதானே” என்றார் இவர், உடனே. “சும்மா ஒரு பேச்சுக்கு. சாருக்கு டீ குடுக்கச் சொல்லு. ஸ்ட்ராங்கா.”

நான் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அண்ணாசிலை வரைக்கும் நடந்தே வந்தேன், கோபத்தில் ஆட்டோகூடக் கூப்பிடத் தோன்றவில்லை. காவிரிப் பாலத்தின்மேல்தான் யோசனை வந்தது. அவருக்கு என்றால் கீழே. மற்றவர்களுக்கு என்றால் மேலே. அப்படியானால்?

மறுநாள் அந்தக் கடை வாசலிலிருந்தே போன் பண்ணினேன். “பாய், எனக்கு ஒரு தூண்டில் வாங்கணும்.”

“உங்களுக்கா சார்?”

“எனக்குத்தான்.”

“சார், நீங்க வந்து…”

“சாப்பிடறதுக்கு இல்லை. பிடிச்சு விடறதுக்கு. நீங்க வந்து பொறுக்கிக் கொடுங்க.”

பத்து நிமிஷத்தில் கடையில் இருந்தார். அன்றைக்கு அவர் குரலே வேறு. குச்சியின் வளைவைப் பற்றிக் கடைக்காரரைக் குடைந்தார். ரீலின் பிரேக் மூடியதுதானா என்று சென்னைக்குப் போன் போடச் சொன்னார். கொக்கி துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும் என்று சண்டை போட்டார். பதினெட்டாயிரத்துச் செட்டைக் காட்டி முடிப்பதற்குள், “சாருக்கு இதுக்கு மேல ஒண்ணு காட்டுங்க” என்றார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தி, அதோடு நிறுத்தினேன். பென்ஷன் என்னுடையது.

பார்சல் எங்கள் வீட்டுக்கு, சித்திரை வீதிக்கு வந்தது. இடுப்பு உயரத்துக்கு ஒரு குழாய். கொண்டுவந்த பையன் தெரு முழுக்கக் கேட்கும்படி, “ஃபிஷிங் ராடு சார், ஓடிபி சொல்லுங்க” என்றான். எதிர் வீட்டு ஜன்னல் இரண்டு திறந்தன.

என் மனைவி குழாயைச் சுற்றி வந்தாள். “பெருமாளே, இதை எங்க வெக்கப் போறேள்? பூஜை அலமாரி பக்கம் கொண்டு வந்தேள்னா தெரியும்.”

“பரண்மேல வெக்கறேன்.”

“எழுபத்தஞ்சு வயசுல இது என்ன புது ஆசை?”

“என் ஆசை இல்லைடி. கடன் வாங்கின ஆசை.”

அவளுக்குப் புரியவில்லை. நல்லதாகப் போயிற்று.

முதலில் கொள்ளிட மணலில் பழகினோம். அது கோடை. தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொக்கிக்குப் பதில் சிவப்பு நூல் துண்டு கட்டிக்கொண்டார். அவர் பழகுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் என் கையில் குச்சியைக் கொடுத்து, முழங்கையைப் பிடித்து, “பின்னாடி கயிறு நேராகற வரைக்கும் பொறுங்க சார், அப்புறம் முன்னாடி” என்று ஆரம்பித்தார். நூல் என் காதில் அடித்தது, முதுகில் அடித்தது, குடுமி இருந்திருந்தால் அதிலும் மாட்டியிருக்கும். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், “தாத்தா, மணல்ல என்ன மீனு மாட்டுது, விராலா?” என்று கத்தினாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“நீங்க வீசுங்க பாய்” என்று குச்சியை நீட்டினேன்.

“புதுசு சார். முதல்ல உங்க கை படட்டும்.”

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடலுக்கு ஒரே ஒரு தடவைதான் போனோம். அதற்கடுத்த வருஷம் தெருவைத் தாண்டவே அவருக்கு ஒரு கை துணை வேண்டியிருந்தது. நான் கார் எடுக்கலாம் என்றேன். பஸ் போதும் என்றார். புதுக்கோட்டைவரை ஒரு பஸ், அறந்தாங்கிவரை ஒன்று, மணமேல்குடிக்கு ஒன்று. மூன்று பஸ்ஸிலும் ஜன்னல் சீட்டு எனக்கு. குழாயைப் பார்த்து ஒரு கண்டக்டர், “என்ன பெரியவரே, நாதஸ்வரமா?” என்றான்.

மணமேல்குடிக்கு அப்பால் கடல் அலையே இல்லாமல் தட்டாகக் கிடந்தது. கரையில் ஒரு பழைய நாட்டுப்படகு கவிழ்த்துப் போட்டிருந்தது. அதைத் தவிர மனித நடமாட்டம் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் ஆழம், கீழே புல்லும் மணலும். நான் முன்னால் நடக்க, அவர் எனக்கு வலது பக்கம் ஒரு அடி பின்னால், குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரத்தில் நின்றார்.

“சார், அசையாதீங்க. பாரை மீன். மூணு நிக்குது. இடது பக்கம், நாப்பது அடி. வால் தெரியுது பாருங்க.”

எனக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. அவர் குச்சியை என் கையில் வைத்தார். “போடுங்க சார்.”

“நீங்க போடுங்க.”

“உங்க ராடு சார்.”

“நான்தான் சொல்றேனே, போடுங்க பாய்!”

“முதல் மீன் உங்களுது. அப்புறம் நான் போடறேன்.”

நான் வீசினேன். கயிறு என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. மூன்று நிழல்கள் சிதறி ஓடியதை மட்டும் பார்த்தேன். “பரவாயில்ல சார், அடுத்தது வரும்” என்று பொறுமையாகக் கழுத்திலிருந்து அவிழ்த்துவிட்டார். அடுத்தது வந்தது. அதையும் விரட்டினேன். அதற்கடுத்ததையும்.

நாலாவது தடவை அவர், “சார், வலது பக்கம்” என்று மெதுவாகச் சொன்னபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கியது. பதினெட்டாயிரம் செலவழித்து, மூன்று பஸ் மாறி, அந்த மனுஷரை மறுபடியும் ஓமானுக்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறேன். நான் மேனேஜர். அவர் அதே இடத்தில், ஒரு அடி பின்னால். வெயில் ஏற ஏற அவர் கண்ணை இடுக்க ஆரம்பித்திருந்தார். இன்னும் கொஞ்ச நேரம்தான் தண்ணீருக்குள் தெரியும்.

கெஞ்சினால் கேட்க மாட்டார். திட்டினால் சிரிப்பார். எதிரில் ஒரு ஆள் நிற்கிறவரைக்கும் அவருக்குக் கொடுக்கத்தான் கை வரும்.

“பாய், வயிறு சரியில்லை” என்றேன். “கரைக்குப் போயிட்டு வரேன். இதைப் பிடிங்க.”

“ஐயோ, நானும் வரேன் சார்.”

“அதுக்கு எதுக்குய்யா துணை? இங்கேயே நில்லுங்க.”

“மீன் வந்தா கூப்பிடறேன் சார்.”

“கூப்பிட்டா வர்ற நிலைமையா இது?”

கரையேறி, கவிழ்ந்த படகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். குச்சியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு காவல்காரன் மாதிரி நின்றார். வெகுநேரம் அப்படியே நின்றார். திடீரென்று உடம்பு முன்னால் குனிந்தது. கரைப் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார். “சார்!” நான் மூச்சு விடவில்லை. “சார், பெருசு!” தண்ணீரைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார்.

கை மேலே போயிற்று.

கயிறு பின்னால் நீண்டு, நேராகி, ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு முன்னால் விரிந்து, சத்தமே இல்லாமல் தண்ணீரில் படுத்தது. பதினெட்டு வருஷம் கண்ணாலேயே வீசியவருக்குக் கை தனியாகப் பழக வேண்டியிருக்கவில்லை போலும். குச்சி வளைந்தது. ரீல் கிறீச்சென்று கத்தியது கரைவரை கேட்டது. கயிறு போய்க்கொண்டே இருந்தது. அந்த நேரத்திலும் அவர் என்ன செய்தார் தெரியுமா? வளைந்த குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரைப் பக்கம் திரும்பி நீட்டினார், யாராவது வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று.

நான் இன்னும் கீழே குனிந்து மணலில் நெற்றி படும்படி ஒடுங்கிக்கொண்டேன்.

நான் மறுபடி எட்டிப் பார்த்தபோது அவர் கடல் பக்கம் திரும்பியிருந்தார். இழுத்தார், விட்டார், இழுத்தார். ஏதோ கத்தினார். என்னைக் கூப்பிடவில்லை. அது பேச்சே இல்லை, வெறும் சத்தம். அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. பிறகு குனிந்தார். ஏதோ வெள்ளியாக மின்னியது. கொஞ்ச நேரம் அதைத் தண்ணீருக்குள்ளேயே இரண்டு கையிலும் ஏந்தி வைத்திருந்தவர், கையைத் திறந்துவிட்டார்.

நான் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போல வெளியே வந்தேன். அவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரைக்கு ஓடி வந்தார். தாடியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது.

“மன்னிச்சுக்குங்க சார்” என்றார். “எத்தனையோ தடவை கூப்பிட்டேன், நீங்க வரல. அதான் நானே இழுத்துட்டேன். உங்களுக்குக் காட்டலாம்னு பார்த்தேன், அது திணறிச்சு, விட்டுட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க.”

அவர் ஆயுளில் பிடித்த ஒரே மீன். அதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது. “எவ்வளவு பெருசு?” என்று மட்டும் கேட்டேன்.

ஈரக் கைகளை அகல விரித்துக் காட்டினார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, என்னைப் பார்த்துவிட்டு, கைகளைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்தார். இன்னும் கொஞ்சம்.

நான் அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, பழைய இடத்துக்கே இழுத்து வைத்தேன்.